ஒரு பள்ளிக் குடும்பத்தின் பிள்ளைகள்



பள்ளிகள் திறக்கும் ஜூன் மாத இதழில் கல்விக்கென்று சில பக்கங்களை ஒதுக்குவது நம் வழக்கம். இந்த ஆண்டு அந்தப் பக்கங்களை உங்களிடமே ஒப்படைத்தோம். உங்களுக்குக் கற்பித்த ஆசிரியரைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். வந்து குவிந்த கடிதங்களில் அரசுப் பள்ளி, மிஷன் பள்ளி, திண்ணைப் பள்ளி, இரவுப் பள்ளி என்று எல்லாம் இருக்கின்றன. அவற்றைப் படிக்கப் படிக்க, ஒரு பள்ளியின் பெருமையை எதை வைத்து அளப்பது என்ற கேள்வி எனக்குள் வலுத்தது. நூற்றாண்டு மலர்களில் வழக்கமாக வரும் பட்டியல் ஒன்று உண்டு. நீதிபதி ஆனவர், அமைச்சர் ஆனவர், வெளிநாட்டில் பெயர் பெற்றவர் என்று வரிசையாகப் படங்கள் இருக்கும். அந்தப் பட்டியல் தவறில்லை. ஆனால் அது பாதிக் கதைதான். படித்து வெளியேறியவர் தான் பெற்றதை யாருக்குக் கொடுத்தார் என்பதே மீதிக் கதை. அந்த மீதிக் கதை தெளிவாகத் தெரியும் ஒரு பள்ளிக் குடும்பத்தைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். அது யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் பள்ளிகளின் குடும்பம்.

1816இல் அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார்கள். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்கி, ஊர்தோறும் சிறு பள்ளிகளைத் தொடங்கினார்கள். பிறகு 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கென ஒரு கூடம் எழுந்தது. கல்லூரி என்றே தொடங்க நினைத்தார்கள். அமெரிக்கர் நடத்தும் கல்லூரிக்கு அன்றைய பிரிட்டிஷ் அரசு இசையவில்லை. அதனால் அது செமினரி என்ற பெயரோடு நடந்தது. மறு ஆண்டு, 1824இல், உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி வந்தது. மானிப்பாயில் அச்சகமும் மருத்துவமனையும் வந்தன. தெல்லிப்பழைப் பள்ளி வளர்ந்து யூனியன் கல்லூரி ஆயிற்று. கடல் தாண்டி மதுரைக்கும் ஒரு கிளை போயிற்று. ஒரு வேரிலிருந்து வந்தவை என்பதால்தான் இவற்றைக் குடும்பம் என்கிறேன்.

வட்டுக்கோட்டை செமினரியின் முதல் தலைவர் டேனியல் பூர். அவர் வகுத்த பாடத்திட்டத்தை இன்று பார்த்தாலும் வியப்பாக இருக்கிறது. ஆங்கிலத்தோடு தமிழ் இலக்கணம், திருக்குறள், வடமொழி, யூக்ளிடின் வடிவகணிதம், இயற்பியல், வானியல் என்று அத்தனையும் அதில் இடம்பெற்றன. இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1840களின் இறுதியில் இங்கே வந்து பார்த்தார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத் தகுந்த கல்வி என்று அவர் எழுதி வைத்தார்.

அங்கே கற்பித்த முறைக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1829இல் ஒரு சந்திர கிரகணம் வந்தது. உள்ளூர்ப் பஞ்சாங்கம் கணித்ததும் செமினரியில் கணித்ததும் ஒத்துப்போகவில்லை. கிரகணம் பிடிக்கும் நேரத்திலும் மறைக்கும் அளவிலும் வேறுபாடு இருந்தது. டேனியல் பூர் தம் கணக்கை முன்கூட்டியே ஊரறியச் சொல்லிவிட்டார். அன்றிரவு வானமே சாட்சி ஆயிற்று. செமினரியின் கணக்கு சரியாக வந்தது. இந்த வெற்றியை மத வாதத்துக்கு மிஷனரிகள் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் அதே செமினரியில் பின்னாளில் தலைவராக இருந்த ஹென்றி ஹாய்சிங்டன், தமிழரின் சோதிட வானியல் முறையை முறையாகக் கற்று, 1848இல் அதை ஒரு நூலாகவே வெளியிட்டார். பஞ்சாங்கக் கணிதத்தைத் தள்ளிவைக்காமல், அது எப்படி இயங்குகிறது என்று படித்துப் பார்க்கும் பொறுமை அவருக்கு இருந்தது. மாணவர்கள் இரண்டு கணிதமும் அறிந்தவர்களாக வெளியே வந்தார்கள்.

அந்த மாணவர்களின் பெயர்களைக் கேட்டால் இன்றைய இளைஞர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். கறோல் விசுவநாதபிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று அழைக்கப்பட்டார்கள். அமெரிக்காவில் ஒருவர் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றால், அவர் விரும்பும் பெயரை அந்தப் பிள்ளைக்குச் சூட்டினார்கள். தாய் தந்தை இட்ட பெயருக்கு முன்னால் முகம் தெரியாத ஒருவரின் பெயர் வந்து அமர்ந்தது. அந்தக் கல்வி இலவசமாக வந்தது என்று சொல்ல முடியாது. அதற்கு இப்படியும் ஒரு விலை இருந்தது. அந்தப் பிள்ளைகள் பின்னாளில் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே தீர்மானித்துக்கொண்ட விதத்தைப் பார்க்கும்போது, இந்த விலையையும் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த தாமோதரம்பிள்ளையை எடுத்துக்கொள்வோம். சி. வை. தாமோதரம்பிள்ளை என்று நாம் அறிந்தவர். சிறுவயதில் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழ் படித்தார். பிறகு வட்டுக்கோட்டையில் படித்தார். அவரும், அவருக்கு ஆசிரியராக இருந்த கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நடத்திய முதல் பி.ஏ. தேர்வை எழுதினார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இந்த இருவர்தான். கற்பித்தவரும் கற்றவரும் ஒரே தேர்வை எழுதித் தேறியதை நினைத்துப் பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. விசுவநாதபிள்ளை அதற்கு முன்பே, 1855இல், அட்சரகணிதம் எனப்பட்ட இயற்கணிதத்தைத் தமிழில் நூலாக எழுதியிருந்தார்.

அரசுப் பணி, பிறகு புதுக்கோட்டையில் நீதிபதி என்று தாமோதரம்பிள்ளையின் வாழ்க்கை நன்றாகவே நடந்தது. அதோடு நின்றிருந்தால் நூற்றாண்டு மலரில் ஒரு படமாக மட்டும் இருந்திருப்பார். ஓலைச்சுவடிகள் செல்லரித்துப்போவது அவரை உறங்கவிடவில்லை. கட்டை அவிழ்த்தால் ஏடு ஒடிந்துபோகும் நிலையில் இருந்த சுவடிகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார். ஒரு சுவடியோடு இன்னொன்றை ஒப்பிட்டு, பாடம் தேர்ந்து, அச்சிட்டார். 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு வந்தது. 1881இல் வீரசோழியம் வந்தது. 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம் வந்தது. 1887இல் கலித்தொகை வந்தது. உ.வே. சாமிநாதையரின் சீவகசிந்தாமணிப் பதிப்பும் அதே 1887இல்தான் வெளியாயிற்று. சங்க இலக்கியம் அச்சேறிய வரலாற்றைச் சொல்ல வருபவர் யாராக இருந்தாலும் வட்டுக்கோட்டை வழியாகவே வர வேண்டியிருக்கிறது.

இந்த மனிதர் மிஷன் பள்ளியில் படித்தும் சைவராக வாழ்ந்தவர். ஏழாலையில் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கி நடத்தினார். சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் அங்கே ஆசிரியராக இருந்தார். தாமோதரம்பிள்ளையின் மகன் அழகசுந்தரமோ கிறிஸ்தவராகி பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்ற பெயரோடு போதகர் ஆனார். அப்படி ஆனவர் என்ன செய்தார்? ஜி. இ. பிலிப்ஸ் என்பவரோடு சேர்ந்து தேவார திருவாசகப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1921இல் வெளியிட்டார். தந்தை மிஷன் பள்ளியில் படித்துத் தொல்காப்பியத்தைக் காத்தார். மகன் அங்கியணிந்து தேவாரத்தை உலகுக்குக் கொண்டுபோனார். இருவரிடமும் தமிழ்ப்பற்று ஒன்றாகவே இருந்தது.

வைமன் கதிரைவேற்பிள்ளை அகராதி தொகுத்தார். அவர் 1904இல் காலமானார். அவர் தொகுத்து வைத்திருந்ததை மதுரைத் தமிழ்ச் சங்கம் 1910இலிருந்து மூன்று பாகங்களாக வெளியிட்டது. சங்க அகராதி என்று தமிழாசிரியர்கள் கையாண்ட நூல் அதுதான். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை ஆசிரியராக இருந்தபடியே 1886இல் பாவலர் சரித்திர தீபகம் எழுதினார். தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளை அகர வரிசையில் திரட்டித் தமிழிலேயே தந்த முன்னோடி நூல்களில் அது ஒன்று. 1841 ஜனவரியில் வெளிவரத் தொடங்கிய உதயதாரகை இதழுக்கும் ஆசிரியர்கள் செமினரியில் படித்தவர்களே. ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்ற அந்த இருவரும் பெயரால் அமெரிக்கர் போலத் தோன்றும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். இதழ் நடத்துபவன் என்ற முறையில் அவர்களுக்கு என் வணக்கத்தைத் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன். தமிழும் ஆங்கிலமுமாக ஓர் இதழை அந்தக் காலத்தில் அச்சுக்கோத்து வெளியிடுவது எளிய வேலை இல்லை.

அகராதிகளைப் பற்றி இன்னும் ஒரு சொல். 1842இல் வந்த மானிப்பாய் அகராதியில் 58,500 சொற்கள் இருந்தன. சந்திரசேகர பண்டிதரும் சரவணமுத்துப்பிள்ளையும் உழைத்த உழைப்பு அது. அமெரிக்க மிஷனரி மிரோன் வின்ஸ்லோ 1862இல் சென்னையில் வெளியிட்ட தமிழ் ஆங்கில அகராதி 67,000க்கும் மேற்பட்ட சொற்களைத் தந்தது. அட்டையில் ஒரு பெயர் இருந்தாலும், இந்தத் தொகுப்புகளுக்குப் பின்னால் பல தமிழ்ப் பண்டிதர்களின் கை இருந்தது.

இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆசிரியர் ஒரு மருத்துவர். சாமுவேல் பிஸ்க் கிறீன், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரைச் சேர்ந்தவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்திக்கொண்டே மாணவர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலத்தில் படித்தவர்கள் சம்பள வேலை தேடி வெளியூர் போய்விடுவதையும், கிராமத்து நோயாளி பழையபடியே கைவிடப்படுவதையும் அவர் கண்டார். 1864இலிருந்து பாடம் முழுவதையும் தமிழுக்கு மாற்றினார்.

மாற்றினார் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறோம். அன்று தமிழில் மேலை மருத்துவப் பாடநூல் ஏது? உடற்கூற்றியலுக்கு, வேதியியலுக்கு, அறுவை மருத்துவத்துக்குத் தமிழ்ச் சொற்களின் பட்டியல் ஏது? தம் மாணவர்களையும் உதவியாளர்களையும் அருகில் வைத்துக்கொண்டு கிறீன் ஒவ்வொன்றாக உருவாக்கினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்று நூல்கள் வந்தன. முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவார். இல்லையென்றால் வடமொழியில் தேடுவார். அங்கும் இல்லையென்றால்தான் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப எழுதுவார். கலைச்சொல்லாக்கத்துக்கு நாம் பின்னாளில் குழுக்கள் அமைத்து வகுத்த நெறிகளை அவர் அன்றே நடைமுறையில் வைத்திருந்தார். 60க்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் மருத்துவம் கற்றார்கள். 1873இல் ஊர் திரும்பிய பிறகும் அமெரிக்காவில் இருந்தபடியே தமிழ் நூல் வேலையைத் தொடர்ந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தம் கல்லறையில் பொறிக்கும்படி கேட்டுக்கொண்டார். தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியுமா என்ற கேள்வி இன்னும் நம் மேடைகளில் எழுகிறது. மானிப்பாய் அதற்கு 160 ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிய விடை இருக்கிறது.

உடுவிலுக்குப் போவோம். அங்கே பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய ஹரியட் வின்ஸ்லோவைப் பற்றி வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். மழைக்கு மிஷன் வீட்டில் ஒதுங்கிய இரண்டு சிறுமிகளுக்கு, வெள்ளம் வடியாமல் இரவும் அங்கேயே தங்க நேர்ந்தது. பசி தாங்காமல் அங்கே உண்டார்கள். அதன் பின் அங்கேயே தங்கிப் படிக்கலானார்கள். பெண் படித்து என்ன ஆகப்போகிறது என்று ஊரே கேட்ட காலம் அது. ஓர் இரவுச் சோறு, ஒரு பிள்ளையின் சாதி ஆசாரத்தையே குலைத்துவிடும் என்று அஞ்சிய காலமும் அதுதான். அந்தக் கூடம் 200 ஆண்டுகளைத் தாண்டி இன்று உடுவில் மகளிர் கல்லூரியாக நடக்கிறது.

அதை நிலைநிறுத்தியவர் எலைசா அக்னியு. நியூயார்க்கில் பிறந்தவர். எட்டு வயதில் பூகோளப் பாடம் படித்தபோதே கடல் கடந்து போய்க் கற்பிப்பது என்று முடிவு செய்தவர். பெற்றோரைக் கடைசிவரை கவனித்துவிட்டு, முப்பது வயதுக்கு மேல்தான் புறப்பட முடிந்தது. 1840இல் உடுவிலுக்கு வந்தார். 1879 வரை அங்கே தலைமையாசிரியர். இடையில் ஒரு முறைகூடத் தாய்நாட்டுக்குப் போகவில்லை. 1883இல் மானிப்பாயில் காலமானார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அவரிடம் படித்தார்கள். தாயும் மகளும் ஒரே ஆசிரியரிடம் படித்த குடும்பங்கள் பல; பேத்தியும் படித்த குடும்பங்களும் உண்டு. ஆயிரம் பெண்களின் தாய் என்று அவரை அழைத்தார்கள். அவரிடம் படித்தவர்கள் ஊர்ப் பள்ளிகளில் ஆசிரியைகள் ஆனார்கள். ஒரு வீட்டில் தாய்க்கு எழுத்துத் தெரிந்தால் அடுத்த தலைமுறை எங்கே போகும் என்பதை யாழ்ப்பாணம் நன்றாகவே காட்டியது. படிக்கத் தெரிந்த பெண்கள் வாழ்ந்த அந்தச் சூழலில்தான் தெல்லிப்பழையைச் சேர்ந்த மங்களநாயகம் தம்பையா 1914இல் நொறுங்குண்ட இருதயம் என்ற நாவலை எழுதினார். ஈழத்தில் ஒரு பெண் எழுதிய முன்னோடி நாவல் அது.

இப்போது இந்தக் கதையின் திருப்பத்துக்கு வருகிறேன். 1855இல் வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. மிஷனின் தலைமையிடமான பாஸ்டனிலிருந்து வந்த குழு கணக்குப் பார்த்தது. ஆங்கிலம் படித்த இளைஞர்கள் அரசு வேலைக்குப் போகிறார்கள். மத ஊழியத்துக்கு வருபவர்கள் குறைவு. ஆகவே இந்தச் செலவு எங்கள் நோக்கத்துக்கு உதவவில்லை என்று முடிவு செய்தது. அவர்கள் நோக்கத்தை வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் தாமோதரம்பிள்ளையை எந்தப் பத்தியில் எழுதுவது? விசுவநாதபிள்ளையின் அட்சரகணிதத்துக்கு எந்த மதிப்பெண்?

மூடியவர்கள் போய்விட்டார்கள். படித்தவர்கள் விடவில்லை. செமினரியின் பழைய மாணவர்கள் கூடிப் பேசினார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வேண்டும் என்றார்கள். உள்ளூரில் பணம் திரட்டினார்கள். அமெரிக்காவிலும் நிதி திரட்டப்பட்டது. 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. மிஷனரி ஹேஸ்டிங்ஸ் அதன் முதல் அதிபர். செமினரியை மிஷன் உண்டாக்கிற்று. கல்லூரியை அதன் மாணவர்கள் கேட்டு வாங்கினார்கள். பழைய மாணவர் சங்கம் என்பது ஆண்டுக்கு ஒரு முறை கூடி உணவருந்திக் கலைவதற்காக மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அந்தக் கல்லூரியின் ஆசிரியர்களில் மூன்று பேரைச் சொல்லியே ஆக வேண்டும். ஒருவர் அலன் ஆபிரகாம். காரைநகரில் அம்பலவாணராகப் பிறந்து, அதே கல்லூரியில் கணிதமும் வானியலும் கற்பித்தவர். 1910இல் ஹேலி வால்வெள்ளி வந்தபோது அதன் போக்கைக் கணித்துப் பெயர் பெற்றார். லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினராகவும் ஏற்கப்பட்டார். டேனியல் பூர் கிரகணம் கணித்த வளாகத்தில், சில தலைமுறைகளுக்குப் பிறகு தமிழரான ஓர் ஆசிரியர் வால்வெள்ளியின் வழியைக் கணித்தார்.

இன்னொருவர் ஜே. வி. செல்லையா. நீண்ட காலம் அங்கே ஆங்கிலம் கற்பித்தார். உதயதாரகையின் ஆசிரியராகவும் இருந்தார். செமினரி, கல்லூரி இரண்டின் வரலாற்றையும் 1922இல் எழுதி வைத்தார். அவர் எழுதாவிட்டால் இன்று நாம் பேசுவதில் பல செய்திகள் காற்றோடு போயிருக்கும். அவருடைய பெரும் பணி பத்துப்பாட்டு முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது. 1946இல் அது வெளிவந்தது. பகலில் ஷேக்ஸ்பியர் நடத்தும் ஓர் ஆங்கில ஆசிரியர், மலைபடுகடாத்தின் ஒவ்வோர் அடிக்கும் ஆங்கிலம் தேடி உட்கார்ந்தார் என்பதே எனக்குப் பெரிய செய்தி.

மூன்றாமவர் ஹண்டி பேரின்பநாயகம். அங்கேயே படித்து அங்கேயே ஆசிரியர் ஆனவர். 1924இல் அவரும் தோழர்களும் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என வளர்ந்தது. முழு விடுதலை, தாய்மொழிக் கல்வி, தீண்டாமை ஒழிப்பு ஆகியவை அதன் கொள்கைகள். 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தவர்கள் இவர்களே. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக ஒரே வரிசையில் உட்கார வேண்டும் என்று அந்த இளைஞர்கள் குரல் கொடுத்தபோது, ஊர்ப் பெரியவர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. அவர்கள் பின்வாங்கவில்லை. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த பேரின்பநாயகம் 1949இல் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகப் பொறுப்பேற்றார் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

இப்படி வேலி தாண்டியவர்கள் இந்தக் குடும்பத்தில் அவர் ஒருவர் மட்டும் இல்லை. செமினரியில் படித்துத் தமிழில் தருக்க நூல் எழுதிய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் தொடக்க காலத்தில் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவர் மகன் நெவின்ஸ் செல்லத்துரையும் பின்னர் அங்கே அதிபர் ஆனார். மிஷன் பள்ளிகளுக்கு மாற்றாகவே சைவப் பெரியவர்கள் எழுப்பிய கல்லூரி அது. அந்தக் கல்லூரியை நடத்த மிஷன் பள்ளியில் தேறியவரை அழைப்பதில் அவர்களுக்குத் தயக்கம் இல்லை. போவதில் இவருக்கும் தயக்கம் இல்லை. மறுபுறம், யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்த சபாபதி குலேந்திரன் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு முதல் பேராயர் ஆனார். தமிழ் வேதாகமத்தின் வரலாற்றை ஆராய்ந்து தமிழிலேயே நூல் எழுதினார். தெல்லிப்பழை யூனியன் கல்லூரியில் சிறுவனாகப் படித்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் ஈழத்தமிழர் அரசியலின் பெருந்தலைவரானார். சமயமும் துறையும் வேறு வேறு. எல்லோரும் படித்தது இந்தப் பள்ளிகளில்தான்.

நம் ஊருக்கும் இந்தக் குடும்பத்துக்கும் நேரடி உறவு உண்டு. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்தே அமெரிக்க மிஷன் மதுரைக்கு வந்தது. வட்டுக்கோட்டையில் படித்த இளைஞர்களும் கூடவே வந்தார்கள். டேனியல் பூர் தாமே மதுரையில் சில ஆண்டுகள் தங்கிப் பள்ளிகளைப் பரப்பினார். பசுமலையில் செமினரி வளர்ந்தது. அங்கிருந்து 1881இல் பிறந்த கல்லூரிதான் பின்னர் நகருக்கு வந்து மதுரை அமெரிக்கன் கல்லூரி ஆயிற்று. 1948இல் லேடி டோக் கல்லூரி வந்தது. பட்டிமன்ற மேடைகளில் நமக்கெல்லாம் பழகிய சாலமன் பாப்பையா, அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். இன்னொரு செய்தி: வட்டுக்கோட்டைக் கல்லூரியிலும் மதுரைக் கல்லூரியிலும் நூலகத்துக்கு டேனியல் பூர் பெயர்தான். 1855இல் மானிப்பாயில் காலராவில் இறந்துபோன ஓர் ஆசிரியருக்கு, கடலின் இரு கரைகளிலும் மாணவர்கள் புத்தகங்களால் நினைவு வைத்திருக்கிறார்கள்.

பிற்காலமும் எளிதாக இருக்கவில்லை. 1960களில் இலங்கை அரசு உதவிபெறும் பள்ளிகளைப் பொறுப்பேற்றபோது யூனியன் கல்லூரி அரசுப் பள்ளி ஆயிற்று. வட்டுக்கோட்டையும் உடுவிலும் தனித்து நின்றன. 1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியபோது, அதன் அறிவியல் வகுப்புகள் முதலில் நடந்த இடம் வட்டுக்கோட்டைக் கல்லூரியின் கட்டடங்கள். போர்க்காலத்தில் யூனியன் கல்லூரி தன் வளாகத்தையே இழந்து வேறிடத்தில் நடந்தது. கட்டடம் கைவிட்டுப் போனபோதும் பாடம் நிற்கவில்லை. ஆசிரியர்கள் இருக்கும் இடத்துக்குப் பள்ளி போயிற்று.

இத்தனையும் ஏன் சொன்னேன்? ஒரு நல்ல பள்ளி தன் மாணவர்களைத் தனக்கே சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது என்பதை இந்தக் குடும்பத்தின் வரலாறு எனக்குத் தெளிவாக்கியது. மிஷன் ஊழியர்களை எதிர்பார்த்தது. அறிவைக் கொடுத்ததும், அந்த அறிவு தன் வழியில் போயிற்று. சிலர் கிறிஸ்தவராக நின்று தமிழுக்கு உழைத்தார்கள். சிலர் சைவத்துக்குத் திரும்பி எதிரே பள்ளி கட்டினார்கள். சிலர் அரசாங்கத்தையே எதிர்த்து இயக்கம் நடத்தினார்கள். கொடுத்தவரின் நோக்கத்தைத் தாண்டிக் கல்வி வேலை செய்தது. கண்ணைத் திறந்துவிட்ட பிறகு, இதை மட்டும் பார் என்று யாரும் சொல்ல முடியாது. தன் மாணவன் தன்னோடு மாறுபடும் அளவுக்கு வளர்ந்ததைக் கண்டு மகிழும் ஆசிரியரே பெரிய ஆசிரியர் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் மேலே சொன்ன பெயர்கள் நூல் எழுதியதால், இதழ் நடத்தியதால், பதவி வகித்ததால் நமக்குக் கிடைத்தவை. அவர்களுக்கு முதல் எழுத்தை மணலில் எழுதிக் காட்டிய கிராமத்து ஆசிரியர்களான சட்டம்பியார்களின் பெயர்கள் பெரும்பாலும் நம்மிடம் இல்லை. தாமோதரம்பிள்ளைக்கு முத்துக்குமாரக் கவிராயர் என்று ஒரு பெயராவது தெரிகிறது. உடுவிலில் படித்துத் திரும்பி, வேப்பமரத்தடியில் பத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியைகளின் பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்? ஜே. வி. செல்லையா போல ஒருவர் உட்கார்ந்து எழுதியதால் கல்லூரியின் வரலாறு பிழைத்தது. எழுதப்படாதவை போய்விட்டன.

அதனால்தான் உங்கள் கடிதங்களை இந்த இதழின் நடுப்பக்கங்களில் பெருமையோடு வெளியிட்டிருக்கிறோம். அடுத்த மாதங்களிலும் தொடர்ந்து வெளியிடுவோம். இன்னும் எழுதாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆசிரியரின் பெயர், அவர் ஊர், அவர் கற்பித்த பாடம், அவரை உங்களால் மறக்க முடியாமல் செய்த ஒரு செயல் ஆகிய இவற்றை மட்டும் எழுதினால் போதும். நடை அழகாக இருக்க வேண்டும் என்ற கவலை வேண்டாம். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அவர் இன்று உயிரோடு இருந்தால், எங்களுக்கு எழுதுவதற்கு முன்னால் அவரை ஒரு முறை போய்ப் பாருங்கள்.

பழைய மாணவர் சங்கங்களில் பொறுப்பில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பள்ளிக்கு நூற்றாண்டு வந்தால் மலர் போடுங்கள்; படங்களும் போடுங்கள். அதோடு, உங்கள் பள்ளியில் படித்து வேறு பள்ளிகளுக்கு ஆசிரியராகப் போனவர்களின் பட்டியலையும் தயாரியுங்கள். உங்கள் பள்ளி ஊருக்கு என்ன கொடுத்தது என்பதை அந்தப் பட்டியல் வேறு எதையும்விட நன்றாகச் சொல்லும். பள்ளிக்கு இன்று என்ன குறை என்று தலைமையாசிரியரிடம் நேரில் கேளுங்கள். கழிப்பறையா, ஆய்வகமா, நூலகத்துக்கு ஓர் ஆளா? வட்டுக்கோட்டையின் மாணவர்கள் மூடிய கதவுக்கு முன்னால் நின்று ஒரு கல்லூரியையே எழுப்பினார்கள். நம் கையில் இருப்பது திறந்திருக்கும் பள்ளி.

இந்த மாதம் முதல் முறையாகப் பள்ளிக்குள் அடியெடுத்து வைக்கும் குழந்தைகளுக்கும், அவர்களின் கையைப் பிடித்து எழுதவைக்கப்போகும் ஆசிரியர்களுக்கும் நம் இதழின் சார்பில் வாழ்த்துகள். உங்கள் கடிதங்களுக்காகக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்